தைத்த வயிறு

2008 ஏப்ரல் 24, வியாழன்

இந்த மாதம் எத்தனை கலியாணச் சேலைக்குச் சட்டை தைத்தேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். வருகிற பெண்பிள்ளைகள் எல்லாரும் போன வருடம்வரை என்னிடம் பள்ளிக்கூடச் சட்டை தைத்தவர்கள். அளவு நாடாவைப் பிடித்தால் பழைய அளவுதான் வருகிறது. தாய்மார் பக்கத்தில் நின்றுகொண்டு, "கொஞ்சம் பெரிசாத் தையுங்கோ யோகம் அக்கா, பாக்கிற ஆக்களுக்கு வயசு தெரியப்படாது" என்கிறார்கள். சட்டையைப் பெரிதாகத் தைத்தால் பிள்ளைக்கு வயது கூடிவிடுமா? துணி தோளில் நிற்காமல் வழுகுகிறது. நான் உள்ளே ஊசி குத்திக் கொடுத்து அனுப்புகிறேன். எனக்கு வேறு வேலை இல்லை பாருங்கள்.

இயக்கம் சண்டைக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளையைக் கேட்டு வருகிறது. தாலி கட்டிய பிள்ளைகளை மட்டும் விட்டுவிட்டுப் போகிறார்களாம். இதைக் கேட்ட நாள் தொடக்கம் இந்தப் பக்கம் முழுக்க மேளம் இல்லாத கலியாணம். ஐயருக்கு மூச்சு விட நேரமில்லை.

இன்று தைத்த சட்டை என் வீட்டுக்கே வரப்போகிற மருமகளுக்கு. ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பரமேசின் ஒரே மகள், தர்மிகா. வயது பதினாறு. மாப்பிள்ளை என் ஒரே மகன் கஜீபன். வயது பதினேழு. போன கிழமை இரண்டும் கொய்யா மரத்தடியில் நின்று ஒரு பழத்துக்காக மண் அள்ளி எறிந்து சண்டை பிடித்தன. இந்தச் சோடியால்தான் நானும் பரமேசும் சம்பந்திகள்.

2008 ஏப்ரல் 28, திங்கள்

கலியாணம் முடிந்தது. பிள்ளையார் கோயிலில் எங்களுக்கு முன்னால் மூன்று சோடி, பின்னால் இரண்டு சோடி. ஐயர் அடுத்த சோடியைப் பார்த்தபடியே எங்களுடைய மந்திரத்தைச் சொல்லி முடித்தார். கஜீபனுக்குத் தாலிக்கொடியில் முடிச்சுப் போட வரவில்லை. "சப்பாத்து நூல் கட்டிற மாதிரிக் கட்டடா" என்று தர்மி கழுத்தைத் திருப்பிச் சொன்னாள். பரமேஸ் அழுதாள். நான் அழவில்லை, எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆளுக்கு இரண்டு பிஸ்கட்டும் தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பினோம்.

பரமேசுக்கும் எனக்கும் பேச்சு இதுதான்: தர்மி என் வீட்டில் இருப்பாள், என்னோடு அறையில் படுப்பாள், மார்கழியில் ஓ.எல். சோதனை எழுதுவாள். கஜீபன் தகப்பனோடு விறாந்தையில். நிலைமை சீரானதும் தாலியைக் கோயிலில் போட்டுவிட்டு அவரவர் வழியைப் பார்க்கலாம். இதைக் கேட்டு என் புருசன் அருளம்பலம், "அப்ப இது கலியாணமோ, வாடகைக்கு எடுத்ததோ?" என்றார். மனுசன் வாழ்க்கையில் ஒருமுறை புத்தியாகக் கேட்ட கேள்வி. பேசாமல் இருங்கோ என்றேன்.

2008 மே 19, திங்கள்

மருமகள் இன்றும் சோற்றை அடிப்பிடிக்க விட்டாள். அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்து விஞ்ஞானப் புத்தகம் படித்தாளாம். "மாமி, மணம் வந்தது, ஆனா அந்தப் பந்தியை முடிச்சிட்டு எழும்புவம் எண்டு பாத்தன்" என்கிறாள். என்ன பொறுமை இவளுக்கு.

புருசன் பெண்சாதி என்று ஊர் நம்ப வேண்டும் என்பதற்காக இருவரையும் ஒரே சைக்கிளில் சந்தைக்கு அனுப்பினேன். யார் மிதிப்பது என்று வாசல் படலையிலேயே சண்டை. கடைசியில் இவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மிதிக்க, அவன் பின்னால் கரியரில் இருந்து போனான். ஒழுங்கை முழுக்கச் சிரித்தது. பின்னேரம் இரண்டும் சேர்ந்து நான் ஒளித்து வைத்த சீனியைத் தின்று முடித்திருந்தன. ஒற்றுமை அந்த ஒரு விசயத்தில் மட்டும்.

2008 ஜூலை 2, புதன்

மெசின் எண்ணெய் எங்கும் இல்லை. தேங்காயெண்ணெய் விட்டேன், பிசின் பிடித்துவிட்டது.

2008 ஆகஸ்ட் 14, வியாழன்

எல்லாம் பாழ். இனித் தாலி கட்டினவர்களையும் கூட்டிக்கொண்டு போவார்களாம். வீட்டுக்கு ஒருவர் கட்டாயம், கலியாணம் ஆனவரோ ஆகாதவரோ. பிள்ளைத்தாச்சிகளை மட்டும் விடுகிறார்கள். கோயிலடிப் பக்கத்தில் போன மாதம் நான் சட்டை தைத்துக் கொடுத்த பிள்ளையை நேற்றுக் கொண்டுபோய்விட்டார்கள்.

பரமேஸ் மத்தியானம் ஓடி வந்தாள். தண்ணி கூடக் குடிக்கவில்லை. என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டுபோய்க் காதுக்குள் ஒரு யோசனை சொன்னாள். அதை எழுதக் கை வரவில்லை. பிள்ளைக்கு ஒரு பிள்ளை வேண்டுமாம்.

"உமக்கு விசரோ பரமேஸ்? அவளுக்குத் தன்ரை தலையையே வாரி இழுக்கத் தெரியாது."

"எனக்கு மட்டும் ஆசையோ யோகம் அக்கா? உயிரோடை இருந்தாக் காணும். எனக்கு வேறை ஆர் இருக்கினம்?"

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. இயக்கத்துக்குக் கொடுக்க மாட்டோம், அது பிள்ளை என்று சொல்லித்தானே கலியாணம் கட்டி வைத்தோம். இப்போது அந்தப் பிள்ளையைத் தாயாக்கிக் காப்பாற்றப் போகிறோமாம். இதைவிட வெட்கக்கேடு உண்டா? பரமேஸ் அடுப்படியிலேயே இருந்து அழுதாள். அவளை ஏசியது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

கடைசியில் நான்தான் சொன்னேன்: "வயிறுதானே வேணும்? நான் தைக்கிறன்."

2008 ஆகஸ்ட் 16, சனி

தையல்காரியாக இருபது வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன், வயிறு தைத்தது இதுதான் முதல் தடவை. இலவம்பஞ்சை மட்டும் வைத்தால் தலையணையைக் கட்டிக்கொண்டது போல இருக்கிறது. வயிறு என்றால் கீழே இழுக்க வேண்டும். பழைய நூல் சேலையில் உறை வெட்டி, மேலே பஞ்சும் அடியில் நெல்லும் வைத்துத் தைத்தேன். இடுப்பிலும் தோளிலும் கட்ட நாடா வைத்தேன். நெல்லை வீணாக்குகிறேன் என்று அருளம்பலம் முணுமுணுத்தார். அவருடைய வயிற்றுக்குள் போகிற நெல்லெல்லாம் வீணாகவில்லையாக்கும்.

இப்போது மூன்றாம் மாதத்துக்குச் சின்னதாகத்தான் வைத்திருக்கிறேன். மாதம் ஏற ஏற அவிழ்த்துப் பெருப்பிக்கலாம். கட்டிவிட்டதும் தர்மி குனிந்து பார்த்துச் சிரிக்கத் தொடங்கினாள். கஜீபன் நிலத்தில் உருண்டு சிரித்தான். "பேர் என்ன வைக்கிறது?" என்று அவன் கேட்க, "நெல்லையப்பர்" என்றாள் இவள். இரண்டு பேருடைய முதுகிலும் ஒவ்வொரு அடி வைத்தேன். பிறகு எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அதுதான் இன்னும் எரிச்சல்.

ஒன்று மட்டும் நிம்மதி. பெண்சாதி பிள்ளைத்தாச்சி என்றால் புருசனையும் விட்டுவைப்பார்கள். ஒரு குடும்பத்தில் அவ்வளவு இரக்கமாவது பார்ப்பார்கள்தானே.

2008 செப்டம்பர் 3, புதன்

ஊர் நம்பிவிட்டது. நம்பியதுதான் தொல்லை. ஒருத்தி மாங்காய் கொண்டு வருகிறாள், ஒருத்தி முருங்கையிலை கொண்டு வருகிறாள். தர்மி மாங்காயை உப்புத்தூளோடு கடித்துக் கடித்து, தின்றதெல்லாம் வெளியே வர நிசமாகவே சத்தி எடுத்தாள். அதைப் பார்த்த அயல் பெண்களுக்குப் பரம திருப்தி.

உறையின் ஒரு மூலையில் தையல் விட்டு நெல் சிந்துகிறது. அவள் போகிற இடமெல்லாம் கோழிகள் பின்னால் போகின்றன. இருத்தி வைத்து மறுபடி தைத்தேன்.

எல்லாவற்றையும்விட இந்த மனுசனை என்ன செய்வதென்று தெரியவில்லை. சங்கக்கடையில் நின்று பேரப்பிள்ளை வரப்போகிறது என்று பீற்றிக்கொண்டாராம். வீட்டில் எங்களுக்குள்ளேயும் அதே கதை. "பெடியன் எண்டா என்ரை ஐயாவின்ரை பேரை வைப்பம்" என்கிறார்.

"இஞ்சேருங்கோ, அது பஞ்சு" என்றேன்.

"தெரியும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்தது.

2008 செப்டம்பர் 22, திங்கள்

வந்தார்கள்.

பத்துமணி இருக்கும். மோட்டார் சைக்கிளில் ஒரு ஆம்பிளை படலையில் நின்றார். உள்ளே வந்தவள் ஒரு பெண்பிள்ளை. இரட்டைப் பின்னலை மடித்துக் கட்டி, இடுப்பில் பட்டி. தன் பெயர் நிலமதி என்றாள். நான் முகத்தைப் பார்க்க முன் சட்டையைத்தான் பார்த்தேன். யார் தைத்தார்களோ, தோள் முழங்கைவரை இறங்கியிருந்தது. பிடித்து உள்ளே நாலு தையல் போட்டுக் கொடுக்கக் கை பரபரத்தது. பிறகுதான் ஆளைத் தெரிந்தது. இவளுக்கு நான் எட்டாம் வகுப்புக்கு வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்திருக்கிறேன். அப்போது இவள் பெயர் லக்சிகா. அவளுக்கும் என்னைத் தெரிந்தது. ஆனால் தெரிந்தது போலக் காட்டவில்லை.

"அன்ரி, வீட்டுக்கு ஒராள். உங்களுக்குத் தெரியும்தானே."

"மருமகள் பிள்ளைத்தாச்சி பிள்ளை."

தர்மி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எத்தினை மாதம் அக்கா?" என்று அவள் தர்மியைக் கேட்டாள். தர்மியை அக்கா என்கிறாள். தர்மியைவிட ஒரு வயது கூடுதலாக இருந்தால் பெரிய காரியம்.

"அஞ்சு" என்றாள் தர்மி. அதே நேரம் நான் "நாலு" என்றேன். சொல்லிக் கொடுத்துச் சொல்லிக் கொடுத்து வாய் நோகிறது, அஞ்சாம் அவளுக்கு.

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தாள், தர்மியைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள். படலைக்குப் போய் அந்த ஆளோடு கதைத்தாள். திரும்பி வந்து சொன்னாள்: "அக்காவை விடச் சொல்லியாச்சு. அண்ணை வெளிக்கிடட்டும்."

எனக்கு விளங்கவில்லை. "எந்த அண்ணை?" என்று கேட்டேன்.

"வீட்டிலை இளம் ஆக்கள் ரெண்டு பேர்தானே அன்ரி. அவ ஏலாது. அப்ப அவர்தானே."

அதற்குப் பிறகு நடந்ததை எழுதப் பொறுமை இல்லை. நான் அந்த ஆளின் மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் படுத்தேன். அருளம்பலம் என்னைத் தூக்கினார். கஜீபன் கிணற்றடியில் குளித்துக்கொண்டு நின்றவன், ஈரத் தலையோடு போனான். தலையைத் துடைத்துவிட்டுப் போ என்று கத்தினேன்.

2008 செப்டம்பர் 23, செவ்வாய்

இன்று அடுப்பு மூட்டவில்லை.

2008 செப்டம்பர் 26, வெள்ளி

அருளம்பலமும் நானும் பயிற்சி முகாம் வாசலுக்குப் போனோம். உள்ளே விடவில்லை. வாசலில் என்னைப் போலத் தாய்மார், சாப்பாட்டுப் பார்சலோடு. பொறுப்பானவர் ஒருவர் வெளியே வந்தார். வயது வந்த ஆள், கோபப்படாமல்தான் கதைத்தார்.

"அம்மா, உங்கடை வீட்டிலை ஒராள்தான் எங்களுக்குக் கணக்கு. வேறை ஆள் தர ஏலுமெண்டாக் கூட்டிக்கொண்டு வாங்கோ, மகனைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

வீட்டு ஒழுங்கைக்குத் திரும்பி வந்ததும் அருளம்பலம் சைக்கிளை நிறுத்தினார்.

"இஞ்சேர், அது வயிறு இல்லையெண்டு ஒரு சொல்லுச் சொன்னாக் காணும். அவளின்ரை முறை வந்திடும், பெடியன் வீட்டை வந்திடுவான்."

"உங்களுக்கு மனச்சாட்சி இல்லையோ?"

"அவள் பரமேசின்ரை பிள்ளை. அவன் என்ரை பிள்ளை." ஐந்து மாதமாக அவளுக்குச் சந்தையிலிருந்து பயற்றம் பணியாரம் வாங்கி வந்த மனுசன் இவர்தான்.

பொய் சொன்னது தெரிந்தால் ஆத்திரத்தில் இரண்டு பேரையும் பிடித்துவிடுவார்கள் என்று அவருக்குச் சொன்னேன். அதற்காகத்தான் சொல்லாமல் இருக்கிறேன் என்று இங்கேயும் எழுதி வைக்கிறேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை. சோறு அடிப்பிடிக்க விடுகிற ஒரு பெட்டைக்காக நான் பெற்ற பிள்ளையைக் கொடுக்க எனக்கென்ன தலையெழுத்தா?

2008 செப்டம்பர் 29, திங்கள்

காலையில் எழும்பினால் பரமேஸ் என் முற்றத்தைக் கூட்டிக்கொண்டு நிற்கிறாள். கேட்டதற்குச் சும்மா என்கிறாள். பிறகு தண்ணி அள்ளினாள், என் சட்டிகளைக் கரி போட்டு மினுக்கினாள். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. முகாம் வாசலில் என்ன சொன்னார்கள் என்று ஊருக்கே தெரியும்.

"பரமேஸ், உம்மடை வீட்டைப் போம். நான் ஒண்டும் சொல்லேல்லை" என்றேன்.

அவள் துடைப்பத்தை வைத்துவிட்டு என் காலடியில் இருந்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எழும்பும் எழும்பும் என்று சொல்லி நானே தூக்கிவிட்டேன். இப்படிப் பயந்து பயந்து என் சட்டியை மினுக்குகிறவளை நான் எப்படி வெறுப்பது? வெறுக்கவாவது விட்டால் எனக்கு வேலை சுலபமாக இருக்கும்.

2008 அக்டோபர் 3, வெள்ளி

கணக்குப்படி ஐந்தாம் மாதம். உறையை அவிழ்த்து இன்னும் பஞ்சு வைத்தேன். தைக்கும்போது இரண்டு தரம் நிறுத்தினேன். மூன்றாம் தரம் கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு கனநேரம் இருந்தேன். தர்மி எதிரில் இருந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நூலை வெட்டிவிட்டு இதைக் கட்டு என்று கொடுத்தேன்.

2008 அக்டோபர் 7, செவ்வாய்

இன்று தனியாகப் போனேன். சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துத்தான் போனேன். ஒளிக்க என்ன இருக்கிறது. நடக்க நடக்க அந்த வசனத்தை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்: மருமகளுக்கு வயிறு இல்லை, அது நான் தைத்தது.

வாசலில் அந்தப் பொறுப்பானவர் இல்லை. ஆனால் இன்று பிள்ளைகளைப் பார்க்க விட்டார்கள். கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் கஜீபன் வந்தான். தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள். தலை மொட்டையானதும் காது இரண்டும் பெரிதாகத் தெரிந்தன, சின்ன வயதில் இருந்தது போல. சுடப் பழக மரத்தால் செய்த துவக்கு ஒன்றைத் தோளில் மாட்டியிருந்தான். கொண்டுபோன புட்டை நின்றபடியே தின்றான்.

"தம்பி, மாத்தி எடுக்கலாமாம்" என்று தொடங்கினேன்.

"தெரியும் அம்மா. எனக்கும் சொன்னவை."

"நான் இண்டைக்கு அவரைக் கண்டு கதைக்கப் போறன்."

அவன் புட்டை விழுங்கினான். பிறகு கேட்டான்: "தர்மி வீட்டிலை என்ன செய்யிறாள்?"

"என்னத்தைச் செய்யிறது. புத்தகம்தான்."

"ஓடித் திரியிறாளாம் அம்மா. நேற்று இஞ்சை வந்த பெடியன் சொன்னவன், உன்ரை மனிசி ஆட்டுக்குப் பின்னாலை ஓடினதைக் கண்டனான் எண்டு. எல்லாருக்கும் முன்னாலை சொன்னவன். நான் வேறை ஆளா இருக்கும் எண்டு சமாளிச்சன்." வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். "பிள்ளைத்தாச்சி ஓடுவாளோ? நடக்கப் பழக்குங்கோ. அவளுக்குக் கரும்பலகையே கிட்டப் போனாத்தான் தெரியும். உதுக்குள்ளை வந்தா முதல் நாளே செத்துப்போவாள்."

"அப்ப நீ?"

அவன் மேலே பார்த்தான், கீழே பார்த்தான். சோதனைத்தாளில் விடை தெரியாத கேள்விக்கு முழிப்பதுபோல முழித்தான். "எனக்குப் பயமாத்தான் இருக்கு" என்றான். அதற்குள் விசில் அடித்தார்கள். வாயைத் துடைத்துக்கொண்டு ஓடினான்.

பொறுப்பானவர் வந்து வாசலில் நின்றார். என்னைப் பார்த்து, "என்னம்மா?" என்றார். வாயைத் திறந்தேன். "மகனுக்கு இருமல். சுடுதண்ணி குடுக்கச் சொல்லுங்கோ" என்றேன். அவனுக்கு இருமல் இல்லை.

வீட்டுக்கு வந்தால் வயிறு கொடியில் காய்கிறது. ஒழுங்கையால் போகிற வருகிற எல்லாரும் பார்க்கும்படி, இரண்டு கிளிப் போட்டு, சொட்டச் சொட்ட. வியர்வை மணக்கிறது என்று தோய்த்தாளாம். எனக்குத் தலைக்குள் ஏதோ வெடித்தது. இழுத்துப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய் அவளுக்கு ஒரு அறை விட்டேன்.

அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "நான் தெரிஞ்சுதான் போட்டனான் மாமி" என்றாள். "ஆரும் பாக்கட்டும் எண்டுதான். நீங்கள் சொல்ல மாட்டியள். நான் போறன், அவனை விடச் சொல்லுங்கோ."

"உன்னை ஆர் கேட்டது?"

"அவன் என்னாலைதானே போனவன்."

"அவன் என்னாலை போனவன்" என்றேன். "நான் தைச்சதாலை போனவன். நீ வாயை மூடிக்கொண்டு கையைத் தூக்கு."

ஈர உறையை அப்படியே அவள் இடுப்பில் வைத்து இறுக்கிக் கட்டினேன். நெல் ஊறி முன்னைவிடக் கனமாக இருந்தது. அவள் குளிரில் நடுங்கிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், அதை மறைக்கப் பார்க்கவில்லை.

பிறகு அவளைப் பின் வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். "என்னைப் பாத்து நட" என்றேன். முதுகைப் பின்னால் சாய்த்து, ஒரு கையை இடுப்பில் ஊன்றி, காலைக் கொஞ்சம் அகட்டி, கஜீபன் வயிற்றில் இருந்தபோது எப்படி நடந்தேனோ அப்படியே கிணற்றடிவரை நடந்து காட்டினேன். அவள் பின்னால் வந்தாள். சரியாக வரவில்லை. திரும்பி வந்து மறுபடியும் நடந்தேன்.